மோட்டார்ச் சாரதியும் பின்பூட்டிய துணைப்பொறியும்

சந்தைக்குச் சென்று மீளும் மாட்டு வண்டிக்காரன் நள்ளிரவிற் கயிற்றைத் தளரவிட்டுக் கண்ணயர்வதும், மாடுகள் தாமாகவே வழியறிந்து வண்டியை வீட்டுப் படலையடியிற் கொணர்ந்து நிறுத்துவதும் நம் முன்னோர் கண்டு பழகிய காட்சிகள். அவ்வண்டிக்காரனுடைய உறக்கத்துக்கு ஆதாரமாய் நின்றது மாட்டின்மேல் அவன் வைத்திருந்த நம்பிக்கை. பள்ளங் கண்டால் மாடு தானே நிற்கும். எதிரே வண்டி வந்தால் விலகும். ஏனெனில் அதற்கும் உயிரச்சம் உண்டு. மோட்டார் வண்டிக்கோ அவ்வச்சம் இல்லை. குதிரையையும் மாட்டையும் அவிழ்த்துவிட்டு இயந்திரத்தைப் பூட்டியபோது மேனாட்டார் வேகத்தைப் பெற்றனர். விலங்கின் அறிவை இழந்தனர். இழந்த அவ்வறிவை வண்டிக்கு மீட்டுக் கொடுக்க முயன்றோரின் வரலாறு எழுபது எண்பது ஆண்டு நீளமுடையது.

அவ்வரலாற்றின் ஒரு கிளையையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வண்டி பிறந்த ஆலையில் அதனோடு கூடப் பிறவாமல், வண்டியை வாங்கியவர் பின்னொருநாள் வேறொருவரிடம் விலைகொடுத்துப் பெற்றுத் தம் வண்டியிற் பூட்டிக்கொள்ளும் துணைப்பொறிகள் சில உள. இவற்றைப் பின்பூட்டுப் பொறிகள் என்போம். ஆலையிற் பிறந்த பொறி பிழைத்தால் ஆலையாரைக் கேட்கலாம். பின்பூட்டிய பொறி பிழைத்தால் யாரைக் கேட்பது? வண்டியைச் செய்தவர், பொறியைச் செய்தவர், அதனைப் பூட்டியவர், வண்டியைச் செலுத்தியவர் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் சுட்டி நிற்பர். வண்டி மோதுண்டு வீழ்ந்த பாதசாரியோ இந்நால்வரில் எவரோடும் எவ்வித உடன்படிக்கையும் செய்தவரல்லர். இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகளாதலின் நம் கதையும் பெரும்பாலும் அந்நாட்டிலேயே நிகழ்கின்றது.

தொடக்கத்திலேயே ஒரு வியப்பு. சாரதிக்குத் துணைசெய்யும் பொறிகளுள் முதன்மையான வேகங்காக்கும் பொறியை ஆக்கியவர் தம் வாழ்நாளில் மோட்டார் வண்டி செலுத்தக் கண்ணில்லாதவர். இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த றல்ப் ரீற்றர் 1890ஆம் ஆண்டிற் பிறந்து, ஐந்து வயதிற் கத்தியால் நேர்ந்த விபத்தொன்றிற் பார்வையை இழந்தார். இழந்தும், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1912இற் பட்டம் பெற்றார். முதலாம் உலகப் போர்க்காலத்திற் கப்பல்களின் நீராவிச் சுழலிகளைச் சமநிலைப்படுத்தும் நுண்ணிய வேலையைத் தம் விரல்நுனி உணர்ச்சியாற் செய்து புகழ்பெற்றார். இயந்திரங்களின் முசலங்களுக்கு வளையஞ் செய்யும் ஆலையின் தலைவராகவும், 1936இல் அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார்.

இவர் இப்பொறியை நினைத்தமைக்குக் கூறப்படும் காரணம் சுவையானது. இவருடைய வழக்கறிஞர் இவரை வண்டியில் ஏற்றிச் செல்லும்போது தாம் பேசுகையில் வேகத்தைக் குறைப்பாராம். பிறர் பேசக் கேட்கையில் வேகத்தைக் கூட்டுவாராம். கண்ணுள்ளவர் கவனியாத இவ்வாட்டத்தைக் கண்ணில்லாத ரீற்றர் தம் உடலால் உணர்ந்து சலித்தார். இரண்டாம் உலகப் போரின்போது றப்பரையும் பெற்றோலையும் சேமித்தற்பொருட்டு மணிக்கு 35 மைலுக்கு மேற் செல்லலாகாதென அரசாங்கம் விதித்த கட்டுப்பாடும் அவர் சிந்தனையைத் தூண்டிற்று. நெடுங்காலம் முயன்று 1950ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார்.

அப்பொறியின் முதல் வடிவம் எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்; பின்னர் வரும் அனைத்துக்கும் அதுவே திறவுகோல். சாரதி தாம் விரும்பிய வேகத்தை முன்பலகையிற் குறித்துவிடுவார். வண்டி அவ்வேகத்தை எட்டியதும் உள்ளிருக்கும் பொறி வேகமிதியைக் கீழிருந்து மேலே தள்ளும். சாரதியின் பாதம் மிதியிலேயே இருக்கும். எல்லை வந்துவிட்டது என்பதை அத்தடையினால் அறியும். அதாவது பொறி சாரதியோடு அவர் பாதத்தின் வழியே பேசிற்று. பின்னர் ரீற்றர் மின்காந்த ஏற்பாடொன்றைச் சேர்த்து, குறித்த வேகத்திலேயே மிதி பூட்டுண்டு நிற்குமாறு செய்தார். அப்பொழுது பாதத்துக்கு வேலை இல்லாது போயிற்று. சாரதி பிறேக்கை மெல்லத் தொட்டால் மாத்திரம் பூட்டு விலகும். முதல் வடிவத்திற் பொறி மனிதனுக்கு நினைவூட்டியது. இரண்டாம் வடிவத்தில் மனிதனுக்கு ஓய்வு கொடுத்தது. இவை இரண்டும் வெவ்வேறு தொண்டுகள். இவற்றிடையே உள்ள வேறுபாட்டை அக்காலத்தார் பெரிதாக எண்ணியிலர்.

1958ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளில் இப்பொறியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த கிறைஸ்லர் கம்பனியார் அதற்கு இட்ட பெயர் 'ஓட்டோ-பைலற்'. ஆகாய விமானத்தைத் தானே செலுத்தும் பொறிக்கு வழங்கிய பெயர் அது. வேகத்தை மட்டுங் காத்து, தெரு வளையுமிடத்திற் தானும் வளைய அறியாத ஒரு பொறிக்கு இப்பெயர் எத்துணைப் பொருந்தும் என்பதை வாசகரே அறிவர். அடுத்த ஆண்டிற் கடிலாக் வண்டிகளிற் பயின்ற 'குறூஸ் கொன்றோல்' என்னும் அடக்கமான பெயரே உலகில் நிலைத்தது. ஆயினும் அந்தப் பழைய பெயர் அழியவில்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின் பின் அது மீண்டும் வந்து வழக்குக்கும் வம்புக்கும் காரணமாயிற்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின்பின் எரிபொருளைச் சேமிக்க விரும்பியோர் இப்பொறியைப் பெரிதும் நாடினர். பழைய வண்டிகளிற் பூட்டத்தக்க பெட்டிகளாகவும் அது கடைகளில் விலைப்பட்டது.

பின்பூட்டு என்றாலே ஐயத்துக்குரியது என்று கருதுதல் தவறு. இருக்கைப் பட்டியை எடுத்துக்கொள்வோம். இன்று அதில்லாத வண்டியை எவரும் நினையார். ஆனால் 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்கரிற் பலர் அதனைக் கடையில் வாங்கித் தம் வண்டியிற் தாமே ஆணியடித்துப் பூட்டினர். ஆலையார் அதனை விரும்பிப் பூட்டியிலர். அந்நாட்டுச் சட்டம் 1968இலேதான் புதிய கார்களில் அதனைக் கட்டாயமாக்கியது. ஆகவே ஆலைக்கு முன்னே குடிமகன் அறிவுடையவனாய் இருத்தலும் கூடும். எனினும் இருக்கைப் பட்டி சாரதியிடமிருந்து எதனையும் பறித்துக்கொள்வதில்லை. சாரதியின் வேலையிற் பங்குகொள்ளும் பொறியின் நிலை அதுவன்று.

1966ஆம் ஆண்டில் ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் கையொப்பமிட்ட மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேறுபாட்டைக் கூறாவிடினும், வண்டிகளை மட்டுமன்றி வண்டியோடு சேர்க்கப்படும் உபகரணங்களையும் அரசாங்கத்தின் கண்காணிப்பின்கீழ்க் கொணர்ந்தது. இச்சட்டத்தின் இயல்பு இரண்டை நினைவில் வைத்தல் வேண்டும். ஒன்று, ஐரோப்பாவிற்போல விற்பனைக்கு முன்னர் அரசாங்கத்தின் அனுமதி பெறுதல் அங்கு வேண்டப்படுவதில்லை. செய்தவரே தம் பொருள் விதிக்கமைந்தது எனச் சான்று கூறுவர். குறை கண்டபின் அரசாங்கம் தலையிடும். மற்றொன்று, பாதுகாப்புக்கான உறுப்பொன்றைச் செயலிழக்கச் செய்தல் ஆலையார்க்கும் வணிகர்க்கும் திருத்துவோர்க்கும் விலக்கப்பட்டுள்ளது. தன் சொந்த வண்டியைத் தானே கழற்றிப் பூட்டும் உரிமையாளனை அவ்விலக்கு தொடுவதில்லை. இந்தச் சிறு இடைவெளி பின்னர்ப் பெரிய வாயிலாகத் திறந்தது.

சட்டஞ் செய்தோர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தோர் வேறு சிலர். இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானிய விமானப் படையின் ராடர்த் திரையை நோக்கியிருந்தோர், வரவேண்டியது எப்போதாவது ஒருமுறையே வருமாயின், வந்தபோதும் அதனைக் காணத் தவறினர். இதன் காரணத்தை ஆராய்ந்த நோர்மன் மக்வேத் என்னும் உளவியலாளர் கடிகாரம் போன்ற கருவியொன்றை அமைத்தார். அதன் முள் ஒவ்வொரு படியாகத் தாவிச் செல்லும். அரிதாக ஒருமுறை இரண்டு படி தாவும். அதனைக் கண்டு சொல்லவேண்டியதே வேலை. முதல் அரைமணிக்குள்ளேயே பார்ப்போரின் திறன் குன்றியது என 1948இல் அவர் வெளியிட்டார். இவர்கள் சோம்பேறிகளல்லர், போர்க்காலத்திற் கடமையுணர்ந்த வாலிபர். செய்ய ஒன்றுமின்றிப் பார்த்துக்கொண்டு மாத்திரம் இருத்தல் மனித இயல்புக்கு இசையாத தொழில் என்பதே அதன் பொருள்.

1983இல் லிசான் பெய்ன்பிறிட்ஜ் என்னும் அம்மையார் இதனை மேலும் நுணுகி ஆராய்ந்து, ஆலைகளிலே தானியங்கிப் பொறிகளைப் புகுத்துவோர் எளிய வேலையைப் பொறிக்கும், பொறியாற் செய்யவியலாத அரிய வேலையை மனிதனுக்கும் ஒதுக்குகின்றனர் என்று காட்டினார். அன்றாடப் பயிற்சியை இழந்த மனிதன் இக்கட்டு நேர்ந்த கணத்தில் மாத்திரம் முழுத்திறனோடு எழவேண்டும். நாள்முழுவதும் உறங்கவிட்ட காவலனைக் கள்வன் வந்த பின் எழுப்பி வாளைக் கையிற் கொடுப்பது போன்றது இது.

பாதுகாப்புப் பொறியே மனிதனை மாற்றிவிடும் என்பதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரத்து வாடகைக் கார்கள் நல்ல சான்று. சில்லு பூட்டுண்டு வழுக்காமற் காக்கும் பிறேக் அமைப்பை அந்நகரத்தில் ஒரு நிறுவனத்தின் சில கார்களிற் பூட்டியும் சிலவற்றிற் பூட்டாமலும் 1980ஆம் ஆண்டுகளில் ஆய்ந்தனர். பூட்டிய கார்களின் விபத்துக்கள் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. அவற்றைச் செலுத்தியோர் திருப்பங்களிற் கூர்மையாகத் திரும்பினர்; முன்னே செல்லும் வண்டியை நெருங்கினர். பொறி கொடுத்த பாதுகாப்பைச் சாரதி வேகமாக மாற்றிச் செலவிட்டார்.

இந்தப் பாடத்தை அறிந்தோர் போல நடந்துகொண்டவர் சிலரும் உளர். 1995ஆம் ஆண்டு ஜூலையிற் பிற்ஸ்பேர்க்கிலுள்ள கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீன் பொமர்லோவும் ரொட் ஜொக்கமும் சாதாரண பொன்ரியாக் வான் ஒன்றிற் கமராவையும் கணனியையும் பூட்டிக்கொண்டு சன் டியேகோ வரை ஏறத்தாழ 2,850 மைல் சென்றனர். அவ்வழியில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் சுக்கானைத் திருப்பியது கணனியே. வேகமிதியையும் பிறேக்கையும் மனிதர் வைத்துக்கொண்டனர். இத்துணை வெற்றிகண்ட பொமர்லோ தாம் அமைத்த சிறு கம்பனியின் மூலம் விற்பனைக்குக் கொணர்ந்த பொறி என்ன தெரியுமா? சுக்கானைத் தொடாத பொறி. லொறி தெருவின் வெள்ளைக் கோட்டைக் கடந்து சரிந்தால் ஒலியெழுப்பிச் சாரதியை எச்சரிப்பதோடு அதன் வேலை முடிந்தது. 1999இல் ஜெரூசலேமில் அம்னொன் சசுவாவும் ஸிவ் அவிராமும் தொடங்கிய மொபைல்ஐ கம்பனியாரும் பழைய வண்டிகளுக்கென விற்ற பின்பூட்டுக் கமராவை எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டனர். முன்வண்டியை நெருங்கினாற் கூவும். தானாகப் பிறேக் பிடிக்காது. திறமையில்லாமற் செய்ததன்று; அவர்களது கமராவே பல ஆலைகளின் வண்டிகளுக்குக் கண்ணாய் இருந்தது. அந்நியர் வண்டியின் சுக்கானிற் கைவைப்பது வேறு பொறுப்பு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். பழைய வண்டியிற் சுக்கானைத் திருப்பும் பொறியைப் புதிதாகப் பூட்டுதல் கம்மாலை வேலை. பல்சக்கரமும் இயக்கியும் வேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளில் ஆலையாரே அவ்வேலையைச் செய்துவைத்தனர். சுக்கானுக்கு மின்னியக்கி வந்தது; வேகமிதி கம்பியிழுவையை விட்டு மின்சைகைக்கு மாறியது; பிறேக்கும் கணனியின் சொற்கேட்டது. இவை யாவும் 1986இல் ஜெர்மனியின் பொஷ் கம்பனி வெளியிட்ட ஒரு பொதுக் கம்பித்தொடர் வழியே ஒன்றோடொன்று பேசலாயின. அக்கம்பித்தொடரில் யார் பேசினாலும், சொல்ல வேண்டிய முறையிற் சொன்னால், சுக்கான் கேட்கும். சொன்னவர் யாரென அது விசாரிப்பதில்லை. ஆலையார் கட்டிய வீட்டிற் கதவு திறந்தே இருந்தது என்று சொன்னாற் பிழையாகாது.

அக்கதவைக் கண்டு நுழைந்தவர் ஜோர்ஜ் ஹொட்ஸ். 2007இற் பதினேழு வயதுச் சிறுவனாய் இருந்தபோதே ஐபோன் என்னும் கைத்தொலைபேசியின் கட்டைத் திறந்து உலகறிந்தவர். 2015இற் கொம்மா ஏஐ என்னும் கம்பனியைத் தொடங்கி, அவ்வாண்டு இறுதியில் அக்கியூரா கார் ஒன்றைத் தம் வீட்டுக் கொட்டிலில் வைத்துத் தானே செல்லப் பழக்கியதாகப் பத்திரிகையாளருக்குக் காட்டினார். 2016 செப்ரெம்பரில் 'கொம்மா வண்' என்னும் பொறியை 999 டொலருக்கும், மாதந்தோறும் 24 டொலர் கட்டணத்துக்கும் அவ்வாண்டு முடியுமுன் விற்கப்போவதாக அறிவித்தார். ஹொண்டா, அக்கியூரா வண்டிகள் சிலவற்றில், ஆலையார் பூட்டிய கமராவின் இடத்தில் நின்று அப்பொறி சுக்கானுக்கும் வேகத்துக்கும் ஆணையிடும்.

அக்டோபர் 27ஆம் தேதி அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகத்திடமிருந்து கடிதம் வந்தது. பதினைந்து வினாக்கள், நவம்பர் 10க்குள் விடை, தவறினால் நாளொன்றுக்கு 21,000 டொலர் வரை தண்டம். எந்தெந்த வண்டிகளிற் பூட்டுவது, எவ்வாறு பரிசோதித்தீர், எந்நிலைகளில் அது இயங்கும் என்பன போன்றன வினாக்கள். இவற்றினும் மேலானது அக்கடிதத்திலுள்ள ஒரு வாதம். சாரதியின் பொறுப்பு எதனையும் எம் பொறி நீக்கவில்லை என்று கம்பனி வெளிப்படையாகக் கூறியிருந்தது. அதனை அறிந்துகொண்டே, சாரதிகளிற் சிலர் பொறியை அதன் நோக்கத்துக்கு அப்பாலும் பயன்படுத்துவர் என்பது பெரிதும் எதிர்பார்க்கத்தக்கதே என நிருவாகம் எழுதியது. வாங்குவோரை மாத்திரமன்றித் தெருவிலுள்ள ஏனையோரையும் அது நினைவூட்டிற்று. விற்பவன் 'கவனமாய் இரு' என்று சொல்லிவிட்டுக் கைகழுவ முடியாது. கவனம் எவ்வாறு சிதையும் என்பதையும் அவனே முன்னறிதல் வேண்டும். மக்வேத்தின் கடிகார முள் அறுபத்தெட்டு ஆண்டுகளின்பின் அரசாங்கக் கடிதத்துள் வந்து சேர்ந்தது எனலாம்.

ஹொட்ஸ் அப்போது சீனாவின் ஷென்ஷென் நகரில் இருந்தார். மறுநாளே, வழக்கறிஞரோடும் அதிகாரிகளோடும் மல்லுக்கட்டுதலினும் புதியன படைத்தலே தமக்கு உவப்பு என்னும் கருத்துப்படக் கூறிப் பொறியின் விற்பனையைக் கைவிட்டார். வினாக்களுக்கு விடை சொல்ல முயலாமல் விலகியமை அவர் பெருமைக்கு அழகன்று என்பது என் கருத்து. விடையிருந்தாற் சொல்லியிருக்கலாம், இல்லையேற் கேட்டது நியாயமே. ஆயினும் கதை அங்கு முடியவில்லை. நவம்பர் 30ஆம் தேதி அவர் தம் மென்பொருள் முழுவதையும் 'ஓப்பன்பைலற்' என்னும் பெயரில் எவரும் இலவசமாக எடுத்தாளும்படி உலகுக்கு வெளியிட்டார். இது விற்பனைப் பொருளன்று, ஆராய்ச்சிக்குரியது, உத்தரவாதம் எதுவுமில்லை, உள்ளூர்ச் சட்டத்துக்கு நீரே பொறுப்பு என்னும் அறிவிப்பு அதன் முகப்பில் இருந்தது. கம்பனி பின்னர் விற்றது கமராவும் கணனியும் அடங்கிய வெறும் பெட்டி. அதனுள் மென்பொருளை ஏற்றித் தன் வண்டியிற் பூட்டுபவன் உரிமையாளன். முன்னர்க் கூறிய சட்டத்தின் இடைவெளி இதுவே. கதவடியில் விற்பவரை மறித்த அரசாங்கம், கொல்லைப்புறத்தில் உரிமையாளனே வேலிதாண்டிச் செல்வதைத் தடுக்க வழியின்றி நின்றது.

இதே ஆண்டில் ஆலையிற் பிறந்த பொறியும் சோதனைக்குள்ளாயிற்று. ரெஸ்லா கம்பனியார் 2015 அக்டோபரில் வெளியிட்ட துணைப்பொறிக்கு, கிறைஸ்லர் 1958இல் இட்ட அப்பழைய பெயரே சூட்டப்பட்டிருந்தது. 2016 மே 7ஆம் தேதி புளோரிடாவில் வில்லிஸ்ரன் என்னுமிடத்துக்கருகில் அப்பொறியின் துணையோடு சென்ற காரொன்று குறுக்கே திரும்பிய லொறியின் கீழ்ப் புகுந்து அதன் சாரதி மாண்டார். பொறியும் லொறியைக் கண்டிலது, மனிதரும் கண்டிலர். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஆராய்ந்தபோது, பொறி இயங்கிய ஏறத்தாழ 37 நிமிடத்திற் சாரதியின் கை சுக்கானில் உணரப்பட்டது 25 விநாடி மட்டுமே என்று தெரிந்தது. 2017 செப்ரெம்பரில் வெளியான அச்சபையின் முடிவு வழிவிடாத லொறிச் சாரதியையும், பொறியை மிகைப்பட நம்பிய கார்ச் சாரதியையும் குறைகூறியதோடு நில்லாது, அவ்வாறு நீண்டநேரம் கவனமின்றியிருக்க இடங்கொடுத்த பொறியின் அமைப்பையும் சுட்டியது. அவ்வாண்டு ஜனவரியிலே பாதுகாப்பு நிருவாகம் குறைபாடு எதுவும் காணவில்லையெனத் தன் விசாரணையை மூடியிருந்தது. ஒரே அரசின் இரு கைகள் இருவேறு எழுதின.

சுக்கானிற் கை இருக்கின்றதா என்பதைக் கையின் பாரத்தால் அறிதல் போதாது என்று அச்சபை கூறியதற்கு ஓராண்டு கழியுமுன்னே வேடிக்கையான நிரூபணம் கிடைத்தது. 2018இல் ஒரு கம்பனி 199 டொலருக்கு ஒரு காந்தத் துண்டை விற்றது. அதனைச் சுக்கானிற் பூட்டினால் கை இருப்பதாக எண்ணிக்கொண்டு ரெஸ்லா எச்சரிக்கை ஒலியை அடக்கிக்கொள்ளும். இதுவும் பின்பூட்டுப் பொறிதான். சாரதியின் உறக்கத்துக்குத் துணைபோகும் பொறி. அவ்வாண்டு ஜூனில் நிருவாகம் அதன் விற்பனையை நிறுத்துமாறு ஆணையிட்டது. இரண்டாண்டுக்கு முன் சிக்கலான கணனிப் பொறியைக் கண்டு கலங்கிய அரசாங்கத்தை ஓர் இரும்புத்துண்டும் கலங்க வைத்தது.

இவற்றிற்கிடையே ஓப்பன்பைலற் எவ்வாறு வளர்ந்தது? அதனை ஆக்குவோர் இரண்டு விதிகளைத் தமக்கு வகுத்துக்கொண்டனர். சாரதி பிறேக்கைத் தொட்டாலோ விலக்கும் பொத்தானை அழுத்தினாலோ பொறி உடனே விலகுதல் வேண்டும் என்பது ஒன்று. சாரதி நிதானித்துத் திருத்துதற்கு முன் வண்டியின் போக்கைப் பொறி சடுதியாக மாற்றலாகாது என்பது மற்றொன்று. இவ்வெல்லைகளைக் காக்கும் வேலையைப் பெரிய கணனியிடம் விடாது, அதற்கும் வண்டிக்கும் இடையில் நிற்கும் சிறியதொரு கணனியிடம் ஒப்படைத்தனர். பெரியது பிழையாக ஆணையிட்டாலும் சிறியது அளவுக்கு மேல் அதனைக் கடத்தாது. முதல் விதி ரீற்றரின் பூட்டுக்கும் உரியதே என்பதை வாசகர் கவனித்திருப்பர். பின்னர்ச் சாரதியின் முகத்தையே நோக்கும் கமரா ஒன்றும் சேர்ந்தது. பார்வை தெருவைவிட்டு நீங்கினால் அது எச்சரிக்கும். எச்சரித்தும் திரும்பாவிடில் வண்டியைத் தளர்த்தும். இவ்வகைக் காவலைக் கடிலாக் 2017இலேயே தன் ஆலையிற் பூட்டியிருந்தமையால் முதன்மைப் பெருமை கொம்மாவுக்கு உரியதன்று. ஆயினும் ரெஸ்லா தன் வண்டியின் உட்கமராவை இவ்வேலைக்கு அமர்த்தியது 2021இலேயாம்.

2020 நவம்பரில் கொன்சியூமர் றிப்போட்ஸ் என்னும் நுகர்வோர் நிறுவனம் ஆலைகளின் பதினேழு துணைப்பொறிகளோடு 'கொம்மா ரூ' என்னும் இப்பின்பூட்டுப் பொறியையும் ஒப்பிட்டுப் புள்ளியிட்டது. கொம்மாவுக்கு 78, கடிலாக்கின் பொறிக்கு 69, ரெஸ்லாவுக்கு 57. ஒரு சிறு கம்பனி பேராலைகளை வென்றமை பலருக்கு வியப்பாயிற்று. எனக்கு அதனினும் வியப்பாய்த் தோன்றுவது பிறிதொன்று. மனிதனின் விழிப்பைப் பொறி எவ்வாறு பேணுகின்றது என்பதும் அந்த ஒப்பீட்டில் அளந்த பண்புகளுள் ஒன்று. அதிற் கொம்மாவின் முகங்காணும் கமரா அதற்குத் துணைநின்றது. 2016இல் நிருவாகம் கேட்ட வினாவுக்குச் சொல்லாது விட்ட விடையை நான்காண்டுகளின்பின் அப்பொறியே சொல்லிற்று என்று கூறின் அது முழுப்பொய்யன்று.

முழுமெய்யும் அன்று. எவரும் எடுத்தாளலாம் என்றால் எவரும் மாற்றலாம் என்பதும் அதனுள் அடங்கும். முகங்காணும் கமரா தமக்குத் தொல்லை எனக் கருதி அப்பகுதியை வெட்டிவிட்டு ஓட்டியோர் உளர். அவ்வாறு காவலைக் குலைத்தோரைத் தம் கணனிச் சேவையிலிருந்து விலக்குவதாகக் கொம்மா அறிவித்தது. ஆயினும் வெட்டப்பட்ட மென்பொருள் அதனால் வண்டியைவிட்டு நீங்காது. மூல மென்பொருளை எல்லோரும் கண்டு ஆராயலாம் என்பது நம்பிக்கைக்கு ஒரு பெரிய ஆதாரம். மூடிய ஆலைப்பொறிக்கு அவ்வாதாரம் இல்லை. ஆனால் நாம் தெருவைக் கடக்கும்போது எதிரே வரும் வண்டிக்குள் இருப்பது அந்த மூலந்தானா, அதன் திரிபா என்பதை அறிய நமக்கு வழியேது? வாங்குபவன் தன் உயிரை வைத்துச் சூதாடுதல் அவன் உரிமை என்று வாதிப்போர் இவ்விடத்தில் மௌனமாகின்றனர்.

ஆலையிற் பிறந்தமையே சான்றாகும் என்று வாதிப்போரும் பின்னர் மௌனமாகவேண்டியவராயினர். 2023 டிசெம்பரில் ரெஸ்லா ஏறத்தாழ 20 இலட்சம் வண்டிகளை, சாரதியின் கவனத்தைப் பேணும் ஏற்பாடு போதாமையால், திருத்தத்துக்கு உள்ளாக்க நேர்ந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதிக் கழகம் பதினான்கு துணைப்பொறிகளை, அவை வண்டியை எத்துணைத் திறமையாகச் செலுத்துகின்றன என்று பாராமல், சாரதியை எத்துணை விழிப்பாக வைத்திருக்கின்றன என்று மட்டும் பார்த்துத் தரப்படுத்தியது. பதினொன்று தாழ்ந்த தரத்தன. இரண்டு அதற்கு அடுத்த படியின. லெக்சஸ் வண்டியின் பொறி ஒன்றே ஏற்கத்தக்கது எனப்பட்டது. அப்பதினான்கும் ஆலைகள் தாமே பூட்டி விற்ற பொறிகள். பின்பூட்டுப் பொறி எதுவும் அந்தச் சோதனையில் இடம்பெறவில்லை.